வெயிலில் குளிர்ந்த கை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எலாதியோவின் கை என் கழுத்தில் பட்டதும் துள்ளி விலகினேன். அடுப்பில் வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது. சமையலறைச் சுவரே வியர்த்திருந்தது. அவன் விரல்கள் மட்டும் ஐஸ் பெட்டியில் கிடந்த மீனைப் போல இருந்தன.

"என்ன இது? ஐஸுக்குள்ள கையை விட்டியா?"

முதலில் சிரித்தான். பிறகு சொன்னான். "கடல் காத்து, கருப்பி. டிசம்பர் ஆச்சுல்ல?"

எலாதியோ வெந்துராவோடு பதினான்கு வருடம் வாழ்ந்திருக்கிறேன். பொய் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வரும், வார்த்தை பின்னால் வரும். உண்மை பேசும்போது முகம் சும்மா இருக்கும். இது அவனுக்கே தெரியாது. நானும் சொன்னதில்லை. மனைவியின் கையிலும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டாமா?

சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியை இடது கையால் பிடித்தான். எங்கள் மகள் அனெலிக்கு எட்டு வயது, அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"அப்பா, உன் நகத்துல யாரு நீலம் அடிச்சது?"

"சுறா கடிச்சிருச்சு" என்று சொல்லிக் கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டான். எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்குச் சுறாக்கள் என்று பெயர். அனெலி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செருப்பு வார் மாட்ட முடியாமல் என்னைக் கூப்பிட்டான். காபிக் கோப்பை இரண்டு முறை கை நழுவி உடைந்தது. முந்தின வாரம், செவிலியாக இருக்கும் என் சித்தி மகள் நீதியாவுக்குப் போன் செய்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படி இருக்கிறது என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரர் பந்து வீசுறவரா, யுடெல்கா?" என்று கேட்டாள். அவள் குரல் மாறியது. "கேட்டுக்கோ. கழுத்து எலும்புக்குக் கீழ ரத்தக்குழாய் நசுங்குது. அங்க ரத்தம் கட்டிக்கிட்டா கை வெளுக்கும், ஜில்லுன்னு ஆகும். வீசிக்கிட்டிருக்கும்போது அப்படி ஆச்சுன்னா அந்த நிமிஷமே நிறுத்தணும். அடுத்த பந்துன்னு பார்க்கக் கூடாது. விரல் போகும். கையே போகும். நாளைக்கே கூட்டிட்டுப் போ."

எலாதியோ போக மறுத்துவிட்டான். "ஞாயித்துக்கிழமை ஜப்பான்காரங்க பார்க்க வர்றாங்க. திங்கக்கிழமை நீ சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அனெலி மேல சத்தியம் பண்ணு."

செய்தேன். எனக்கும் ஜப்பான் வேண்டியிருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பதினேழு வயதில் கையெழுத்துப் போட்டு அமெரிக்கா போனவன் அவன். பத்தொன்பது வருடத்தில் பதினோரு ஊர். பெரிய லீக்கில் மொத்தம் பதினோரு ஆட்டம். முழங்கையில் ஒரு முறை கத்தி. பிறகு மெக்சிகோ, தைவான், மறுபடி மெக்சிகோ. குளிர்காலத்தில் மட்டும் வீட்டுக்கு வந்து இங்கே எங்கள் தீவில், புவெர்ட்டோ பிளாட்டாவில் சுறாக்களுக்காக வீசுவான். அனெலி பிறந்தபோது அவன் ஒரு பஸ்ஸில் இருந்தான். அவள் நடந்தபோது இன்னொரு பஸ்ஸில் இருந்தான். ஜப்பான் அணி இரண்டு வருடம் தரும், குடும்பத்துக்கு வீடும் தரும் என்றார்கள். ஒரே ஊரில், ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேர். முப்பத்தாறு வயதில் ஒரு பிட்சருக்கு இதற்கு மேல் யாரும் கதவு திறக்கமாட்டார்கள்.

அனெலியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஐந்து மணி ஆட்டத்துக்குப் போனேன். எலாதியோவின் தங்கை மிரெய்யா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். பிடிக்கிறவன் உட்காரும் தட்டுக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில். அங்கிருந்து பார்த்தால் வீசுபவன் நிற்கும் மேடும் தெரியும், எங்கள் அணியின் பெஞ்சும் தெரியும். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஜப்பான்காரர் இருவர் வேகம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்களுக்கு வேர்க்கடலை வாங்கிக் குடுக்கலாமா, அண்ணி?" என்றாள் மிரெய்யா. "மூஞ்சியைப் பாரு, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்காங்க."

"சும்மா இருடி."

எலாதியோ வெளியே வந்தான். மைதானத்தின் வெள்ளைக் கோடு வந்ததும் வழக்கம்போல ஒரு குதி. மிதித்தால் ராசி போய்விடும் என்று பத்தொன்பது வருடத்தில் அவன் கால் அந்தச் சுண்ணாம்பில் பட்டதில்லை. கூட்டம் ஆரவாரித்தது. எங்கள் கேட்ச்சர் ஃபௌஸ்தோ நெஞ்சில் குத்திக் காட்டிவிட்டுக் குந்தினான். அனெலிக்கு ஞானத்தகப்பன் அவன், அந்த உறவில் நான் அவனைக் கும்பாத்ரே என்பேன், அவன் என்னைக் கும்மாத்ரே என்பான். பன்னிரண்டு வருடமாக இங்கே எலாதியோ வீசும் பந்தெல்லாம் அவன் விரல் காட்டிக் கேட்டவைதான்.

முதல் இன்னிங்ஸில் வேகப் பலகை தொண்ணூற்றிரண்டு மைல் காட்டியது. எதிரணியான லா வேகாக்காரர்கள் காற்றை வெட்டிவிட்டுத் திரும்பினார்கள். இரண்டு, மூன்று, நான்கு இன்னிங்ஸ் போயின. நாங்கள் இரண்டு ரன் எடுத்தோம். அவர்களில் ஒருவன்கூடச் சுத்தமாக அடித்துத் தளம் ஏறவில்லை.

ஐந்தாவது முடிந்தபோது மிரெய்யா பேச்சை நிறுத்தினாள். பக்கத்தில் தம்போரா மேளம் கொட்டிக்கொண்டிருந்த கூட்டத்தின் தாளமும் மெல்லத் தணிந்தது. என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட்டும் கொடுக்காத ஆட்டம் ஒரு பிட்சரின் வாழ்க்கையில் ஒரு முறை வரலாம், வராமலேயும் போகலாம். அது நடக்கும்போது அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. சொன்னால் உடைந்துவிடும். வீசுகிறவனிடம் அணியில் யாரும் பேசமாட்டார்கள், பக்கத்தில் உட்காரமாட்டார்கள், அவன் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்கள். பயிற்சியாளர் டோன் நிக்காசியோ அவனை மாற்றமாட்டார். மாற்றினால் அந்த ஊரில் அவர் அப்புறம் தலைகாட்ட முடியாது. மற்ற நாட்களில் எண்பது பந்தில் கையைத் தட்டி உட்கார வைத்துவிடுவார்கள். அன்று பந்தை எண்ணுகிறவனும் எண்ணைச் சொல்லவில்லை.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து எலாதியோ பெஞ்சின் கடைக்கோடியில் தனியாக உட்கார்ந்தான். இடையில் ஆறு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்தைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய் ஊதினான்.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அமெரிக்காவின் வடக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருந்தோம். ஏப்ரல் மாதத்தில் பனி கொட்டும். மூன்று கம்பளிக்குள் சுருண்டு அவன் ஆட்டத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மேட்டைவிட்டு இறங்கி விரல்களில் ஊதுவான், வாயிலிருந்து புகை வரும். எனக்கு ஆட்டம் புரியாத காலம் அது. அவன் ஊதுவதைப் பார்க்கத்தான் போவேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை என் வயிற்றில் வைத்துச் சூடு பண்ணிக்கொள்வான்.

இங்கே பனி இல்லை. எதிரில் உட்கார்ந்தவர்கள் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் விற்பவனைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு.

"மிரெய்யா, உங்கண்ணன் கையில ஊதுறான்."

அவள் என் தொடையைக் கிள்ளினாள். உதடு அசையாமல் பேசினாள். "வாயை மூடு அண்ணி. இன்னிக்குப் பேசாதே."

"அவனுக்குக் கை—"

"பேசாதேன்னு சொல்றேன்ல!"

ஏழாவது இன்னிங்ஸில் பலகை எண்பத்தெட்டு காட்டியது. அப்புறம் எண்பத்தைந்து. வேகத்துக்காகக் காத்திருந்த மட்டைக்காரர்கள் அவசரப்பட்டு முன்னாலேயே வீசி, பந்தை மேலே தூக்கிவிட்டு அவுட் ஆனார்கள். பின்னாலிருந்த ஒரு கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தியா, வேகத்தைக் குறைச்சு ஏமாத்துறான்! வயசாக வயசாக மூளை வேலை செய்யுதுப்பா!" ஜப்பான்காரர்கள் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். அவன் எதையும் குறைக்கவில்லை. கை அவ்வளவுதான் கொடுத்தது. அந்தப் பத்தாயிரம் பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இல்லை, இன்னொருவனுக்கும் தெரிந்திருந்தது. ஏழாவது முடிந்து ஃபௌஸ்தோ எங்கள் பக்கமாக நடந்து வந்தபோது எழுந்து கம்பிவலைக்கு ஓடினேன்.

"கும்பாத்ரே!"

அவன் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. முகக்கவசத்தைக் கழற்றித் துடைப்பதுபோலப் பாவனை செய்தான்.

"அவன் கை செத்துக்கிட்டிருக்கு. பந்துல உயிர் இல்ல, உனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லு."

"கும்மாத்ரே, இன்னும் ரெண்டு இன்னிங்ஸ், ஆறே பேர்" என்றான் மெதுவாக. "இப்ப நான் போய்ச் சொன்னா அவன் செத்தாலும் என்னை மன்னிக்கமாட்டான்."

"சொல்லாம விட்டுச் செத்தா?"

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

எட்டாவது. இரண்டு பேர் அவுட். கேட்ச்சரிடமிருந்து திரும்பி வந்த பந்தைப் பிடித்து வலது கைக்கு மாற்றும்போது பந்து நழுவி மண்ணில் விழுந்தது. குனிந்து எடுத்தான். மறுபடி நழுவியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது முறை கண்ணால் பார்த்து, ஒவ்வொரு விரலாக வைத்து எடுத்தான். அனெலி குழந்தையாக இருந்தபோது கூழாங்கல் பொறுக்கினதைப் போல.

மூன்றாவது ஆளும் அவுட்டானான். கடைசி இன்னிங்ஸ், மூன்றே பேர் பாக்கி. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கடல் பக்கம் வானம் கறுத்து வந்தது. பத்தாயிரம் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் கொடி படபடக்கிற சத்தம் கேட்டது.

படிகளில் இறங்கி பெஞ்சுக்கு மேலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டோன் நிக்காசியோ இரண்டு அடி தூரத்தில் நின்றார்.

"டோன் நிக்காசியோ, தயவு பண்ணி அவர் கையைப் பாருங்க. தொட்டுப் பாருங்க. ஐஸ் மாதிரி இருக்கும்."

அவருக்குக் காது கேட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் முதுகைத் திருப்பிக்கொண்டு சூரியகாந்தி விதையைத் துப்பினார். கெட்டவர் இல்லை அவர். எங்கள் கல்யாணத்தில் ஆடியவர். அந்த நேரத்தில் கடவுளே வந்து சொல்லியிருந்தாலும் அப்படித்தான் முதுகைக் காட்டியிருப்பார்.

மிரெய்யா ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "என்ன பண்றே? பத்தொன்பது வருஷம் அண்ணி! பத்தொன்பது வருஷம் இதுக்காகத்தான் வீசினான்! இன்னும் மூணு பேரு! மூணு பேருக்கு உன்னால வாயைக் கட்ட முடியாதா?"

எலாதியோ பெஞ்சிலிருந்து எழுந்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் கையைப் பார்த்தேன். நீலம்கூட இல்லை. மெழுகைப் போல வெளுத்திருந்தது, ஆள் எவனோ கை எவனுடையதோ என்பதுபோல. மகள் மேல் வைத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. ஜப்பானில் இன்னும் பார்க்காத அந்த வீடு நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் அவன் எந்தக் கையால் அனெலியின் தலையைத் தடவுவான்?

கத்தினேன்.

"எலாதியோ! ஒரு ஹிட்கூட இல்ல! உனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்! இன்னும் மூணு பேரு! உன் கை செத்துப்போச்சு, அதுவும் உனக்குத் தெரியும்! நிறுத்து!"

மைதானம் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. அப்புறம் கூச்சல். "யாருடா அந்தப் பொம்பளை?" "அவன் பொண்டாட்டிதான்டா!" "பீடை! வீட்டுலயே பீடையை வச்சிருக்கான்!" ஒரு பீர்க் கோப்பை என் தோளில் பட்டுச் சிதறியது. மிரெய்யா என் இடுப்பை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

எலாதியோ நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கோபம் இல்லை. நெடுந்தூரம் போகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு மேட்டை நோக்கி நடந்தான்.

வெள்ளைக் கோடு வந்தது. அவன் குதிக்கவில்லை. வலது காலை அந்தச் சுண்ணாம்பின் மேல் அழுத்தி வைத்து, நிதானமாகக் கடந்து போனான். கூச்சலுக்கு நடுவில் அதை யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் கம்பியைப் பிடித்தபடி பார்த்தேன். சுண்ணாம்பில் அவன் கால் பட்ட இடம் கலைந்து கிடந்தது.

ஃபௌஸ்தோ குந்தினான். இரண்டு விரல் காட்டினான். எலாதியோ தலையசைத்தான். கையைத் தூக்கினான்.

பந்து நேராக வந்தது. மெதுவாக, வளைவில்லாமல், தட்டுக்கு நடுவில், இடுப்பு உயரத்தில். நான்கூட அடித்திருப்பேன். மட்டைக்காரன் ஒரு கணம் நம்பாமல் தாமதித்துவிட்டு அடித்தான். பந்து வலப்பக்கப் புல்லில் விழுந்து உருண்டது.

அதன்பிறகு நடந்தது எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. வழக்கம் உடைந்துவிட்டது. இனி பேசலாம், பார்க்கலாம், தொடலாம். அதுவரை மரமாக நின்ற டோன் நிக்காசியோ அந்தப் பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஃபௌஸ்தோ முகக்கவசத்தை வீசிவிட்டு அவரை முந்திக்கொண்டு ஓடினான். பந்தை மாற்று ஆளிடம் கொடுக்கச் சொல்லி எலாதியோவின் கையைப் பிடித்த டோன் நிக்காசியோ சட்டென்று விட்டுவிட்டார். மறுபடி பிடித்தார். பெஞ்சைப் பார்த்து டாக்டர், டாக்டர் என்று அவர் அலறியது மைதானத்தின் கூச்சலையும் மீறிக் கேட்டது.

ஜப்பான்காரர்கள் கருவியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்கள்.

சந்தியாகோ ஆஸ்பத்திரிக்கு ஒன்றேகால் மணி நேரம். கழுத்து எலும்புக்குக் கீழே இருந்த ரத்தக் கட்டியை எடுத்தார்கள். அதிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகள் ஏற்கெனவே விரல்களுக்குப் போயிருந்தன. "இன்னும் பத்து இருபது பந்து வீசியிருந்தா கை முழுக்கப் போயிருக்கும்" என்றார் டாக்டர். "விரலைப் பத்தி மூணு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும். நிறம் திரும்புதான்னு பார்க்கணும்."

ஃபௌஸ்தோ மறுநாள் காலை வந்தான். எலாதியோ தூங்கிக்கொண்டிருந்தான். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஊர்ல உன்னைப் பத்தி ரொம்ப மோசமாப் பேசுறாங்க, கும்மாத்ரே. வீட்டுக் கதவுல ஏதோ ஊத்தியிருக்காங்களாம். மிரெய்யா அனெலியைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா."

"நான் வந்து கூட்டிக்கறேன்னு சொல்லு."

"சொன்னேன். நீ அந்த வாசல்படியை மிதிக்கக் கூடாதுங்கறா." தொப்பியை முட்டியில் வைத்தான். "நான் கேட்டது வளைஞ்சு கீழ இறங்குற பந்து. சரின்னு தலையாட்டினான். அப்புறம் நடுவுல, நேரா போட்டான். பன்னெண்டு வருஷத்துல நான் கேக்காத பந்தை அவன் போட்டதில்ல."

"கையில பிடி இல்லாம இருந்திருக்கும்."

"இருக்கலாம்" என்றான். எழுந்து போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

மத்தியானம் எலாதியோ கண் விழித்தான். வலது கை துணியில் சுற்றித் தலையணை மேல் கிடந்தது. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பழுத்த கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. பந்தை அழுத்தி விடுகிற விரல்கள்.

"ஃபௌஸ்தோ வந்தான்" என்றேன். "அந்தப் பந்து... வேணும்னே போட்டியா?"

முதலில் சிரித்தான். பிறகு சொன்னான். "கை வழுக்கிடுச்சு, கருப்பி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே வேர்க்கடலைக்காரன் கூவிக்கொண்டு போனான். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டேன். குனிந்து அந்த இரண்டு விரல்களையும் என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, ஏரிக்கரை ஊரில் அவன் ஊதியது போல மெல்ல ஊதினேன். ஊதினேன். மறுபடி ஊதினேன்.

"சூடு தெரியுதா?"

சிரிப்பு வருமா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. முகம் சும்மா இருந்தது.

"ஒண்ணும் தெரியல" என்றான். "நிறுத்தாதே."